முப்பத்தெட்டு ஜிபி பேச்சு

மாமனார் முப்பத்து நாலு வருடம் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசைத் தட்டிப் பார்த்து, எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்து, எது எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சரியாக இருக்கிற தராசுக்கு முத்திரை குத்துவார். அந்த முத்திரைக்கும் ஆயுள் ஒரு வருடம்தான். அடுத்த வருடம் மறுபடி வந்து தட்டிப் பார்ப்பார். இதெல்லாம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் வம்பில்லை. மனிதர் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். காப்பியில் சர்க்கரை குறையும். மெத்தையில் பஞ்சு குறையும். செய்தி வாசிக்கிறவளின் குரலில் அழுத்தம் குறையும். கல்யாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மகளிடம் திரும்பி அவர் சொன்னது மொத்தம் மூன்று வார்த்தை.

"கொஞ்சம் குறையுது. பரவாயில்ல."

அந்த மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனுக்குப் பெயரே லிஃப்ட் என்று ஆகிப்போனது. மாமனார் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்பார், வாங்க போங்க என்பார். மரியாதையில் ஒரு கிராம் குறைக்காத மனிதர், குறைப்பதெல்லாம் ஆளில்தான். ஒருமுறை பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் நடுவழியில் மாட்டிக்கொண்ட ஏழு பேரை லிஃப்ட் ஒற்றை ஆளாக இறக்கிவிட்டான். செய்தித்தாளில் படம்கூட வந்தது. மாமனார் தாளை எட்டப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ஏழு பேர்தானா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. லிஃப்ட் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டானே தவிர, அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஆசையை வெட்கக்கேடு என்று நினைக்கிறவர்கள் மாமனார் இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

மாமனார் ஓய்வு பெற்ற அன்று அலுவலகக் கூடத்தில் விடைபெறும் கூட்டம் வைத்தார்கள். சக ஊழியர்கள் சேர்ந்து புது ஃபோன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை அங்கேயே மருமகன் கையில் திணித்தார்.

"என் பேச்ச இதுலயே புடிங்க மாப்பிள்ளை. முழு எடையில புடிங்க. குறைச்சு கிறைச்சு வச்சிடாதீங்க."

லிஃப்ட் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய அளவு எதுவோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு முன்வரிசையில் நின்றான். மாமனார் நாற்பத்தாறு பக்கம் எழுதி வந்திருந்தார். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார். இருபதாவது நிமிடத்தில் கடைசி வரிசை தூங்கியது. அரை மணியில் நடுவரிசை சாய்ந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது மேடையிலேயே துணை இயக்குநர் கன்னத்தில் கைவைத்துக் கண்மூடினார். மாமியார் முதல் வரிசையில், பல வருடப் பயிற்சியில், கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். லிஃப்ட்டின் மனைவி தேநீர் வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனவள் வரவே இல்லை.

தொண்ணூற்றேழாவது நிமிடத்தில்தான் அது நடந்தது. மாமனார் பக்கத்தைப் புரட்டப் போனவர், புரட்டாமல் நிமிர்ந்தார். நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"என் மருமகன். பதினோரு வருஷமா எடை போட்டுப் பார்த்துட்டேன். குறை இல்ல."

அவ்வளவுதான். மறுபடி குனிந்து, இரும்பு எடைக்கல்லில் துரு பிடிப்பது பற்றிய முப்பத்தொன்பதாம் பக்கத்துக்குப் போய்விட்டார். ஃபோன் நழுவிவிடுமோ என்று லிஃப்ட் இறுகப் பிடித்துக்கொண்டான். சுற்றிலும் பார்த்தான். அறுபது பேர் இருந்த கூடத்தில் விழித்திருந்தவர்கள் இரண்டே பேர்: சொன்னவரும் கேட்டவனும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கண்ணில் குறை கண்டுபிடிக்கிற அந்தத் தொழிலை மட்டும் அப்பா குறை சொன்னதில்லை. அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் தளும்பியது.

"எங்கப்பாவா? குறை இல்லன்னா? ஒன்றரை மணி நேரம் கைய தூக்கிப் புடிச்சதுல உங்களுக்குக் காது அடைச்சிருக்கும்."

"சத்தியமா சொன்னாருடி. வீடியோல இருக்கு."

"இருந்தா காட்டுங்க."

காட்டலாம் என்றால் ஃபோன் மாமனாருடைய சட்டைப்பையில் இருந்தது. பேச்சை யாரும் பார்ப்பதற்கு முன் தாமே சரிபார்த்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பார்ப்பார். எழுதிவந்த தாள்களை ஒரு கையில் வைத்து ஒத்துப்பார்ப்பார். 'பதினாலாம் நிமிடம், கேமரா ஆடியது, மாப்பிள்ளை.' 'இருபத்தாறாம் நிமிடம், தேவையற்ற இருமல், நான்.' இப்படி நோட்டு நிரம்பியது. லிஃப்ட் பயந்தது இதன் அடுத்த கட்டத்துக்குத்தான். தாளில் இல்லாமல் வாய் தவறி வந்தவற்றை எல்லாம் கடைசியில் வெட்டி எறிந்துவிடப் போவதாக மாமனார் சொல்லியிருந்தார். அந்த வரி தாளில் இல்லை. நாளைக்குப் பத்து நிமிடம் என்றால் பத்தாம் நாள் மாலை அவர் தொண்ணூற்றேழாவது நிமிடத்துக்கு வந்துவிடுவார். லிஃப்ட்டின் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நற்சான்றிதழுக்கு அதோடு ஆயுள் முடிந்தது.

அதற்குள் எப்படியாவது ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் நயமாகக் கேட்டுப் பார்த்தான். "மாமா, நம்ம குடும்ப குரூப்ல போடலாமே. எல்லாரும் பார்ப்பாங்க." மாமனார் மனமிரங்கி அனுப்பும் பொத்தானை அழுத்தவும் செய்தார். கோப்பு மிகப் பெரியது, அனுப்ப முடியாது என்று ஃபோன் கையை விரித்தது. முப்பத்தெட்டு ஜிபி.

"பேச்சுல சரக்கு இருக்கு இல்ல," என்றார் மாமனார். அன்று முழுக்க அவர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் லிஃப்ட் அறுபத்து நாலு ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கிவந்து, "உங்க பேச்சு பத்திரமா இருக்கணும் மாமா, இதுல ஒண்ணு போட்டு வைப்போம்" என்றான். மாமனார் கார்டை ஃபோனில் போட்டார். உள்ளே எவ்வளவு இடம் என்று பார்த்தார். அவருடைய மூக்கு விடைத்தது. முப்பத்து நாலு வருடம் தராசு முள்ளைப் பார்த்த கண் அது.

"மேல அறுபத்து நாலுன்னு அச்சடிச்சிருக்கான். உள்ள அம்பத்தொம்பதுதான் இருக்கு. மாப்பிள்ளை, அஞ்சு எங்க?"

லிஃப்ட் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மாமனார் அந்த நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை ஃபோன் கடைக்குக் கிளம்பினார். கடைக்காரம்மா கழற்றிப் போட்ட நாலு ஃபோன்களுக்கு நடுவே திருகாணி தேடிக்கொண்டிருந்தார்.

"அய்யா, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான். ஃபோன் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. அதான் வித்தியாசம். ஊர் உலகத்துல எல்லா கார்டும் இப்படித்தான்."

"விக்கிறதுக்கு ஒரு படி, அளக்குறதுக்கு ஒரு படியா? இத என் சர்வீஸ்ல எத்தனை கடையில புடிச்சிருக்கேன் தெரியுமாம்மா?"

"தெரியாது அய்யா. ஆனா இந்தக் கடையில விட்டுடுங்க."

கடையை விட்டுவிட்டார். கம்பெனியை விடவில்லை. வீட்டுக்கு வந்து, தாம் இரண்டு நாள் முன்பு வரை உட்கார்ந்திருந்த அதே அலுவலகத்துக்கு, தாம் வடிவமைத்த அதே படிவத்தில், ஒரு புகார் எழுதினார். பொருள்: நினைவக அட்டை, ஒன்று. குறை: ஐந்து ஜிபி.

அதோடும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பேச்சை அந்தக் கார்டில் போட்டுப் பார்க்க அவரே முயன்றார். கார்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இடம் கொள்ளாது என்று ஃபோன் சொன்னது. மறுபடி கடை. காலி மூட்டையில் இடமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். கடைக்காரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது பழைய முறையில தயார் பண்ணின கார்டு. மொத்தமா எவ்வளவு வேணா வாங்கும், ஆனா ஒரே கோப்பு நாலு ஜிபிக்கு மேல இருந்தா வாங்காது. துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா வாங்கிக்கும்."

"என் பேச்ச துண்டு போடுறதா?"

"வேணாம் அய்யா. நான் கார்டையே புது முறைக்கு மாத்தித் தரேன்." மாற்றியும் கொடுத்தார். இனி முழுசாக வாங்கிக்கொள்ளும்.

லிஃப்ட்டுக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்திலேயே போய்விட்டது. கார்டு இப்போது வழக்கின் ஆதாரமாம். ஆதாரத்தில் யாரும் கைவைக்கக் கூடாதாம். ஏழு நாள் ஃபோனிலேயே வைத்து, காலையில் ஒருமுறை அளந்து, அளவைக் குறித்துக்கொண்டு, பத்தாம் நாள் பதினோரு மணிக்கு உறையில் போட்டு முத்திரை வைத்து ஒப்படைக்கப் போகிறாராம். ஏழு நாளும் ஐம்பத்தொன்பதுதான் காட்டியது. ஓய்வு கொடுத்தால் ஏறும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

ஆகவே பத்தாம் நாள் காலைதான் கடைசி வாய்ப்பு. லிஃப்ட் வேலைக்கு விடுப்புச் சொன்னான். மாமனார் காலை ஏழு மணிக்கு ஃபோனைச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நடக்கப் போவார். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் லிஃப்ட் ஏதாவது ஒரு கட்டிடத்தின் குழியில் இருப்பான். திட்டம் எளிமையானது. கோப்பை அந்தக் கார்டிலேயே நகலெடுப்பது, கார்டைக் கழற்றித் தன் ஃபோனில் போட்டு இழுத்துக்கொள்வது, கார்டைத் துடைத்துத் திரும்ப வைத்துவிடுவது. வீடியோவை அங்கேயே போட்டுக் கேட்டுவிடலாம்தான். ஆனால் மாமனார் குரல் கேட்டால் அடுப்படியில் நிற்கிற மாமியார் பதறிப் போவார். தவிர, ஒருதரம் கேட்டு என்ன ஆகப் போகிறது? அவனுக்கு அது சொந்தமாக வேண்டும்.

"அத்தை, மாமா ஃபோன் ரொம்ப சூடா இருக்கு. என்னன்னு பார்க்கிறேன்."

"பாருங்க தம்பி," என்றார் மாமியார் திரும்பாமலே. அந்த வீட்டில் எது சூடானாலும் அவர் திரும்புவதை விட்டு வெகுநாளாயிற்று.

பூட்டைத் திறக்கும் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: ஒன்று, மூன்று பூஜ்யம். கிலோவுக்கு எத்தனை கிராமோ அது. கோப்பை அழுத்திப் பிடித்தான். கீழே இரண்டு பொத்தான்கள் வந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. அங்கேதான் லிஃப்ட்டுக்கு முதல்முறையாக வியர்த்தது.

மாமனார் ஃபோன் முழுக்கத் தமிழ். அது நல்லதுதான். ஆனால் அவர் கண்ணாடி போட மறுக்கிறார் என்று மகள், அதாவது லிஃப்ட்டின் மனைவி, ஃபோனில் எழுத்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு. பொத்தானுக்குள் இரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளவில்லை. மேல் பொத்தானில் 'நக…' என்று இருந்தது. கீழ்ப் பொத்தானிலும் 'நக…' என்று இருந்தது.

ஒன்று நகலெடு. இன்னொன்று நகர்த்து. எது எது? ஒன்றை அழுத்தினால் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். மற்றதை அழுத்தினால் இங்கிருந்து பெயர்ந்து அங்கே போய்விடும். கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டியபடி ஒரு நிமிடம் நின்றான். மாமியாரைக் கேட்க முடியாது. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். கடைசியில் தொழில் புத்தி கைகொடுத்தது. எழுத்து அழிந்துபோன லிஃப்ட் பொத்தான்களைப் பற்றி யார் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் ஒன்றுதான்: முக்கியமானதை மேலே வைத்திருப்பான். மேல் பொத்தானை அழுத்தினான்.

முப்பத்தெட்டு ஜிபி சாவகாசமாக நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது. மாமியார் அடுப்பைத் துடைத்தார், மேடையைத் துடைத்தார், துடைத்த துணியைத் துவைத்தார். எழுபதில் ஐந்து நிமிடம் நின்று போராடியது. தொண்ணூற்றெட்டில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்றைக்கு என்று பார்த்து மனிதர் சீக்கிரம் வந்துவிட்டார். திரையில் '1 கோப்பு நக…' என்று வந்து மறைந்தது. கார்டைக் கழற்ற நேரமில்லை. லிஃப்ட் ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டு, கையில் அகப்பட்ட பூண்டை உரிக்கத் தொடங்கினான்.

மாமனார் உள்ளே வந்தார். பூண்டு உரிக்கும் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். நேராக ஃபோனை எடுத்து, கார்டைக் கழற்றி, தயாராக இருந்த உறையில் போட்டு, மெழுகை உருக்கி மூன்று இடத்தில் முத்திரை வைத்தார்.

"மாப்பிள்ளை, வண்டிய எடுங்க. ஆபீசுக்குப் போகணும்."

லிஃப்ட்டுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மூல வீடியோ ஃபோனில் இருக்கிறதே, இன்று சாயங்காலத்துக்குள் வேறு வழி பார்ப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மாமனாரைப் பின்னால் உட்காரவைத்து, உறையோடு அலுவலகம் வரை தன் ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய் விட்டான். அவன் வாழ்நாளில் அவ்வளவு பத்திரமாக வேறு எந்தச் சாமானையும் தொலைத்ததில்லை.

வேறு வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆறு மணி ஆனது. மாமனார் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஃபோனைத் தடவினார். மறுபடி தடவினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். லிஃப்ட் சோபாவின் நுனியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"தொண்ணூறாவது நிமிஷத்துல நிறுத்தி வச்சேன்," என்றார் மாமனார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்க போச்சு?"

அப்போதுதான் லிஃப்ட்டுக்கு உறைத்தது. மேல் பொத்தான் நகர்த்து. பேச்சு முழுக்கப் பெயர்ந்து, உறைக்குள், மூன்று மெழுகு முத்திரைக்குக் கீழே, அலுவலக அலமாரியில் இருக்கிறது. மாமனார் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்து நாலு வருடத்துக்கு அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்தான் என்று அவனுக்கு அந்த நொடியில் தெரிந்தது. தன் ஒரு வரிக்காக அவருடைய நாற்பத்தாறு பக்கத்தையும் தொலைத்துவிட்டோமே என்று சோபாவிலிருந்து எழுந்தான்.

"நான்தான் மாமா. காலைல கார்டுல ஒரு காப்பி எடுக்கப் பார்த்தேன். பொத்தான் மாறிப்போச்சு."

"எதுக்கு எடுத்தீங்க?"

மனைவி வேலையிலிருந்து வந்து கதவருகில் கைப்பையோடு நின்றிருந்தாள். லிஃப்ட் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"தொண்ணூத்தேழாவது நிமிஷத்துல என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்க. குறை இல்லன்னு. நீங்க அதை வெட்டிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

மாமனார் தாள்களைப் புரட்டினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"அப்படி எதுவும் எழுதலையே மாப்பிள்ளை."

"எழுதல. சொன்னீங்க."

"எழுதாதத நான் சொல்ல மாட்டேன்," என்றார் மாமனார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பியில் சர்க்கரை போட மாமியார் மறந்தே போனார். மாமனார் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதைப் பார்த்துத்தான் மாமியார் முதல்முறையாகக் கவலைப்பட்டார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு மூவரும் அலுவலகத்தில் நின்றார்கள். மகளும் கடைக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். மாமனார் இடத்துக்கு வந்த புது ஆய்வாளர் ஒரு பெண்மணி. உறையை மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் கணினி தயாராக இருந்தது.

"பதினோரு மணிக்குப் பரிசோதனை சார். கார்டை மொத்தமா அழிச்சிட்டு, முழுசா நிரப்பிப் பார்த்து, எவ்வளவு கொள்ளுதுன்னு சான்று எழுதணும்."

"அழிக்க வேணாம்மா. உள்ள ஒரு பேச்சு இருக்கு. திருப்பிக் குடுத்துடுங்க, எடுத்துட்டுத் தரேன்."

"முத்திரை வச்ச ஆதாரத்த விசாரணை முடியாம திருப்பித் தரக் கூடாது. விதி பதினாலு."

"எவன் எழுதின விதி அது?"

"நீங்கதான் சார்."

லிஃப்ட் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி இருமலில் ஒரு சிரிப்பை ஒளித்தாள். புது ஆய்வாளர் இரக்கமுள்ளவர். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "ஒரே வழி இருக்கு. புகாரை வாபஸ் வாங்கலாம். நீங்களே சரிபார்ப்புச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டா உறையை இப்பவே தந்துடுறேன். இதுவும் உங்க படிவம்தான்."

மாமனார் படிவத்தைப் பார்த்தார். பொருள் என்று ஒரு கோடு. முடிவு என்று ஒரு கோடு. அந்த முடிவில் எழுத வேண்டியது 'பரிசோதித்தேன், குறை இல்லை' என்று. வேறு வாசகம் செல்லாது.

"குறை இருக்கேம்மா. அஞ்சு குறையுது."

"அப்ப பதினோரு மணி வரைக்கும் உட்காருங்க சார்."

சுவர்க் கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியது. மாமனார் பேனாவைத் திறந்தார். மூடினார். உறையைப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, திரும்பி மருமகனைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்த அதே பார்வை, தலையிலிருந்து கால்வரை. பிறகு குனிந்து எழுதினார். பொருள்: நினைவக அட்டை, ஒன்று. முடிவு: பரிசோதித்தேன், குறை இல்லை. செல்லுபடியாகும் காலம்: ஒரு வருடம். கையெழுத்துப் போடும்போது நிப்பு தாளைக் கிழிக்கப் பார்த்தது.

புது ஆய்வாளர் மூலத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அடியில் கார்பன் விழுந்த தாளைக் கிழித்து மாமனாரிடம் கொடுத்தார். உறை பிரிந்தது. கார்டு ஃபோனுக்குள் போனது. முப்பத்தெட்டு ஜிபியும் ஒரு துளி சிந்தாமல் இருந்தது. மாமனார் பெருமூச்சு விட்டதை எதிர்மேசை எழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"தொண்ணூத்தேழு போடுங்கப்பா," என்றாள் மகள்.

ஐந்து தலைகள் ஒரு ஃபோன்மேல் குனிந்தன. திரையில் மாமனார் பக்கத்தைப் புரட்டப் போய், புரட்டாமல் நிமிர்ந்தார். நேராகப் பார்த்தார். "என் மருமகன்…" என்று தொடங்கினார். படம் ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. அதன் பிறகு 'பூம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, தலையணைக்குள் யாரோ பேசுவது போல. அவர் உதடுகள் அசைந்தன, ஒன்பது விநாடி. சத்தம் விலகியபோது, "ஆகவே துரு என்பது இரும்பின் எடையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றார் எழுத்தர்.

மகள் ஃபோனை வாங்கிப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பேச்சு நுழைகிற ஊசித் துளையைக் காட்டினாள். "இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. கட்டைவிரல்ல அடைச்சிட்டீங்க."

லிஃப்ட் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பதினோரு வருடம் காத்திருந்து, அந்தச் சொல் வந்த நேரத்தில் வாசலை அடைத்ததும் அதுதான்; நேற்றுக் காலை மேல் பொத்தானை அழுத்தியதும் அதுதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. யாரிடமும் இனி நிரூபிக்க முடியாது. தனக்கே கூட.

"நான்தான் சொன்னேனே," என்றார் மாமனார். "எழுதாதத நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டார். கையில் இருந்த கார்பன் தாளை மடிக்கப் போனவர் நின்றார். மேசைமேல் அதை விரித்து, பேனாவைத் திறந்து, ஒரு வரியை அடித்து, அதன்மேல் எதையோ எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டார். அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து வேண்டும் என்பதும் அவர் எழுதிய விதிதான்.

"இந்தாங்க மாப்பிள்ளை. நகல். எங்கயும் நகர்த்திடாம வச்சுக்குங்க."

அவர் எழுத்தரிடம் நலம் விசாரித்தபடி வெளியே நடந்தார். லிஃப்ட் தாளைப் பிரித்தான். மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். 'நினைவக அட்டை' அடிக்கப்பட்டிருந்தது.

பொருள்: மருமகன், ஒன்று. முடிவு: பரிசோதித்தேன், குறை இல்லை.

அதற்குக் கீழே இருந்ததை மனைவிதான் முதலில் படித்தாள். "ஒரு வருஷம்தான் செல்லுமாம்."

"போதும்டி," என்றான் லிஃப்ட். "அடுத்த வருஷம் மறுபடி வந்து தட்டிப் பார்க்கட்டும்."